காற்று வரும் வழி

நான் செய்த தவறை முதலிலேயே எழுதிவிடுகிறேன். எங்கள் கல்லூரிப் பெண்கள் விடுதியில் ஒரு மாணவி புகையில் மூச்சடைத்து இறந்தபோது, வார்டன் ஜன்னல்களைச் சாத்திவைத்ததுதான் காரணம் என்று விசாரணையில் சொன்னேன். மழை வந்தால் ஜன்னல்களைத் தாராளமாகச் சாத்திக்கொள்ளலாம் என்று அந்த அம்மாளிடம் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதித்தேன். புகை எந்த வழியாக உள்ளே வந்தது என்பதும் எனக்குத் தெரியும். அந்த வழியை வரைந்தது என் கை. விசாரணைக்கு ஆட்கள் வருமுன் அதைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசச் சொன்னதும் நான்.

இப்போது எழுபதைத் தாண்டிவிட்டேன். மனைவி போய்விட்டாள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் மகன் வீட்டு மாடியறையில் இருக்கிறேன். தாத்தா பெரிய இன்ஜினியர், விருதெல்லாம் வாங்கியவர் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். விருது வாங்கித் தந்த கட்டடமும் அந்தப் பெண் இறந்த கட்டடமும் ஒன்றே என்பது அவர்களுக்குத் தெரியாது.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே இருந்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் சிவில் துறைத் தலைவராக இருந்தேன். மணல் பூமி. சித்திரை, வைகாசியில் கால் வைக்க முடியாது. பழைய பெண்கள் விடுதி வெறும் கான்கிரீட் பெட்டி. மேல்தளத்துப் பெண்கள் போர்வையைத் தண்ணீரில் நனைத்துத் தரையில் விரித்துப் படுப்பார்கள். மின்வெட்டு வேறு. தேர்வு சமயத்தில் மயங்கி விழுந்தவர்களை ஆட்டோவில் ஏற்றிச் சிதம்பரத்துக்கு அனுப்பியிருக்கிறோம். இயந்திரம் இல்லாமல் ஒரு கட்டடத்தைக் குளிர்விப்பது எப்படி என்று பல வருடங்களாகப் படித்துக்கொண்டிருந்தேன். கட்டிப் பார்க்கத்தான் வாய்ப்பு வரவில்லை.

எங்கள் தாளாளர் நெல் அரைவை மில்லிலிருந்து கல்வித் துறைக்கு வந்தவர். புது விடுதி கட்டியே ஆகவேண்டும் என்ற நிலை வந்தபோது என் வரைபடங்களை அவர் மேசையில் விரித்தேன். அவர் அவற்றைப் பார்க்கவில்லை.

“பக்கத்துக் காலேஜ்காரன் விளம்பரத்துல ஒரு பச்ச எல போட்டுக்கறான், பாத்தீங்களா? பசுமைக் கட்டடமாம். அட்மிஷனுக்கு வர்றவனெல்லாம் அதத்தான் கேக்கறான். நமக்கு அந்த எல கெடைக்குமா?”

“கிடைக்கும் சார்.”

“அப்ப கட்டுங்க. எல வரலன்னா உங்களத்தான் கேப்பேன்.”

நெய்வேலி மின்நிலையச் சாம்பலில் வார்த்த கற்களால் இரட்டைச் சுவர் எழுப்பினோம். நடுவில் காற்று இடைவெளி. மேற்கில் ஜன்னலே வைக்கவில்லை. மதியத்துக்கு மேல் வரும் கடல்காற்றை வாங்கக் கிழக்கில் நீளமான ஜன்னல்கள். கூரையில் வெள்ளை ஓடு. குளித்த தண்ணீர் கல்வாழைப் பாத்திகளில் தெளிந்து தோட்டத்துக்குப் போகும். இதெல்லாம் மற்றவர்களும் செய்வதுதான். என்னுடையது என்று நான் பெருமைப்பட்டது காற்றுக் குழாய். கட்டடத்தின் வடக்குப் பக்கம், எப்போதும் நிழல் விழும் இடத்தில், தரையோடு தரையாக ஒரு வாய். அங்கிருந்து மண்ணுக்குள் ஆழமாகப் புதைத்த குழாய்கள். மண்ணின் குளிர்ச்சியில் ஆறிய காற்று, கீழ்த்தள அறைகளில் தரையை ஒட்டி வைத்த துவாரங்கள் வழியாக வெளியே வரும். கூரையின் மேல் கறுப்புப் பூசிய ஒரு கூண்டு. வெயிலில் அது சூடேறி அறைகளின் வெப்பக் காற்றை மேலே இழுக்கும். வெயில் இல்லாவிட்டாலும் மேலே காற்று பலமாக வீசினால் போதும், இழுக்கும். மேலே போகப் போகக் கீழே குழாய் வழியாகக் குளிர்ந்த காற்று வந்துகொண்டே இருக்கும். மின்விசிறி வேண்டாம். மின்சாரமே வேண்டாம்.

அது வேலை செய்தது. இன்றும் அதைச் சொல்வேன். கத்திரி வெயிலில் அந்த அறைகளுக்குள் நுழைந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் கால் வைத்து நின்றுகொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். துவாரத்தை ஒட்டிய இடத்துக்குப் பெண்கள் ‘ஏசி சீட்’ என்று பெயர் வைத்தார்கள். கட்டிலை விட்டுவிட்டு அங்கே பாய் போட்டுப் படுக்கப் போட்டி நடந்தது.

வார்டன் சிதம்பரத்துக்காரர். நடுவயது. கணவர் இறந்தபின் விடுதியே வீடு என்று ஆகிவிட்டவர். தமிழில் எம்.ஏ. படித்திருந்தார். கட்டடம் திறப்பதற்கு முந்தின வாரம் அவரை அழைத்துக்கொண்டு அறை அறையாகக் காட்டினேன். துவாரத்தின் முன் குனிந்து கையை நீட்டிப் பார்த்தார்.

“ஏன் சார், இது வழியா பாம்பு கீம்பு வந்துடாதே? தோப்பு பூராவும் அதுதான்.”

“வலை போட்டிருக்கம்மா. காத்து மட்டுந்தான் வரும்.”

“மழைக்காலத்துல ஜன்னல என்ன பண்றது? கிழக்கப் பாத்து இவ்ளோ பெருசா வச்சிருக்கீங்க. சாரல் அடிச்சா கட்டிலெல்லாம் நனையுமே.”

“தாராளமா சாத்திக்குங்க. மூச்சு முட்டாது. அதுக்குத்தானே இது இருக்கு. ஜன்னலே இல்லன்னு நெனச்சுக்கங்களேன்.”

“நீங்க சொன்னா சரி சார்,” என்றார்.

பசுமைச் சான்றிதழ் தரும் குழு வருவதாகத் தகவல் வந்ததும் கல்லூரியில் நடந்ததை, தனியார் கல்லூரியில் வேலை பார்த்த யாரும் புரிந்துகொள்வார்கள். எங்கள் ஊர்களில் கமிட்டி வருவது என்பது கல்யாணத்துக்குச் சமம். புதுச்சேரி நர்சரியிலிருந்து லாரியில் பூந்தொட்டிகள் வாடகைக்கு வந்து இறங்கின. குப்பைத் தொட்டிகளுக்குப் பச்சை, நீலம் பூசப்பட்டது. காய்ந்துபோன மூலிகைத் தோட்டத்தில் ஒரே நாளில் துளசியும் தூதுவளையும் முளைத்தன. வருகிறவர்களுக்குப் பிடிக்காதது எதுவோ அது மறைக்கப்படும். அதை ஏமாற்று என்று யாரும் நினைப்பதில்லை. விருந்தாளி வரும்போது அழுக்குத் துணியை அள்ளி உள்ளறையில் போட்டுக் கதவைச் சாத்துவது மாதிரிதான் நினைப்பார்கள்.

மறைக்க வேண்டியவற்றில் பெரியது டீசல் ஜெனரேட்டர். பழசு. ஓடினால் கரும்புகை கக்கும். விடுதியின் முன்பக்கம், கமிட்டி காரிலிருந்து இறங்கும் இடத்துக்கு நேர் எதிரே இருந்தது. தாளாளர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“கரண்டே வேணாங்கற கட்டடத்துக்கு முன்னாடி இது எதுக்கு சார், திருஷ்டிப் பூசணிக்காய் மாதிரி?”

“தண்ணி ஏத்த வேணும் சார். ராத்திரி வெளக்குக்கு வேணும்.”

“வேணும்தான். கண்ணுல படாத எடமா பாத்து வைங்க.”

கண்ணில் படாத இடம் வடக்குப் பக்கம் ஒன்றுதான். குழாயின் வாய் இருந்த அதே நிழல். இடம் காட்டியது நான். இரும்பு மேடை போட்டு ஏற்றினார்கள். சுற்றிலும் மூங்கில் தட்டி கட்டி, சங்குப்பூக் கொடியை ஏற்றிவிட்டோம். எலக்ட்ரீஷியன் தள்ளி நின்று பார்த்துவிட்டு, “ஜெனரேட்டருக்கே பொடவ கட்டிட்டீங்களே சார்” என்றான். எல்லோரும் சிரித்தோம்.

அன்றைக்கே ஓட்டிப் பார்த்தார்கள். நான் கீழ்த்தள அறை ஒன்றில் இருந்தேன். துவாரத்திலிருந்து டீசல் வாடை வந்தது. இலேசாகத்தான். குனிந்து முகர்ந்து பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டேன். தாளாளரிடம் போய்ச் சொன்னேன்.

“கமிட்டி போவட்டும் சார், மாத்திக்கலாம்,” என்றார்.

கமிட்டி போயிற்று. சான்றிதழ் வந்தது. கண்ணாடியில் பொறித்த இலை விடுதி வாசலில் பதிக்கப்பட்டது. எனக்கும் தனியாக ஒரு விருது அறிவித்தார்கள். சங்குப்பூ தட்டியை மூடிப் படர்ந்து, கல்லூரி மலரின் அட்டையில்கூட வந்தது. ஜெனரேட்டர் அதற்குப் பின்னாலேயே இருந்தது. அவ்வப்போது கொஞ்ச நேரம் ஓடும், ஜன்னல்கள் திறந்திருக்கும், வாடை கலைந்துவிடும். மாற்ற வேண்டும் என்று எனக்கு நினைவு வரும்போதெல்லாம் கல்லூரியில் வேறு ஏதாவது வேலை இருந்தது. நினைவே வராமல் போயிற்று என்று எழுதினால் பொய்.

அந்த மார்கழியில் புயல் வந்தது. கடலூர்க்காரர்களுக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் சாலைக்குக் குறுக்கே கிடந்தன. எச்சரிக்கை வந்ததுமே கல்லூரிக்கு விடுமுறை விட்டு மாணவிகளை அனுப்பிவிட்டோம். பஸ் கிடைக்காத சிலர் விடுதியிலேயே தங்கினார்கள். அதில் ஒருத்தி லால்பேட்டைப் பெண். இரண்டாம் வருடம், என் துறை. அவளுடைய அத்தா, அதாவது அப்பா, குவைத்தில் இருந்தார். காய்ச்சலாக இருந்ததால் அவளைப் பயணம் அனுப்ப வார்டனுக்கு மனம் வரவில்லை.

அவளை எனக்கு நன்றாகத் தெரியும். காற்றுக் குழாயைப் பற்றி வகுப்பில் நான் சொல்லும்போது, “சார், இத எங்க ஊர்ல வீட்டுக்கு வைக்க முடியுமா? எங்கம்மாவுக்கு வெயில்னா ஆவாது,” என்று கேட்டவள்.

புயல் கடந்த பிறகும் மழையும் காற்றும் நிற்கவில்லை. மின்சாரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மறுநாள் பொழுது சாய்ந்ததும் தண்ணீர் ஏற்றவும் செல்போன் சார்ஜ் போடவும் ஜெனரேட்டரை ஓட விட்டார்கள். முன்னெப்போதும் அவ்வளவு நேரம் அது தொடர்ந்து ஓடியதில்லை. கிழக்குச் சாரல் அறைக்குள் அடித்தது. காய்ச்சல்காரப் பெண் மேல் தண்ணீர் தெறித்ததால் வார்டன் ஜன்னல்களைச் சாத்தினார். அவளுக்குப் போர்வை போர்த்திவிட்டு, மேல்தளச் சமையலறைக்குக் கஞ்சி வைக்கப் போனார். மற்றப் பெண்களும் போன் சார்ஜ் போட அங்கேதான் இருந்தார்கள். இவள் கீழே தனியாகத் தூங்கினாள். துவாரத்தை ஒட்டி, பாயில். இடத்துக்குப் போட்டி போட ஆள் இல்லாத நாள்.

கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தபோது வார்டன் கதவைத் திறந்ததும் இருமினார் என்றும், அவளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார் என்றும், அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது என்றும் பிறகு கேட்டேன். மரங்கள் விழுந்து சாலை அடைத்துக் கிடந்தது. ஆம்புலன்ஸ் வரவில்லை. தெரிந்த ஒருவருடைய டிராக்டரில் அவளைச் சிதம்பரத்துக்குக் கொண்டு போனார்கள். வார்டன் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு டிரெய்லரில் உட்கார்ந்து போயிருக்கிறார்.

நான் மறுநாள் காலை போய்ச் சேர்ந்தேன். தாளாளர் வடக்குப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். தட்டி சாய்ந்து கிடந்தது. ஜெனரேட்டரின் புகைக்குழாய் எதைப் பார்த்து நின்றது என்பது இருவருக்கும் தெரிந்தது.

“என்ன சார் பண்ணலாம்?” என்று என்னைக் கேட்டார். பயந்துபோன குரலில் அவர் பேசி அன்றுதான் கேட்டேன்.

ஜெனரேட்டரைத் தாழ்வாரக் கதவுப் பக்கம் நகர்த்தி வைக்கச் சொன்னேன். கொத்தனாரைக் கூப்பிட்டு வாயை அடைக்கச் சொன்னேன். அதை யோசிக்க எனக்கு நேரமே ஆகவில்லை. இவ்வளவு காலம் கழித்தும் என்னைத் தூங்கவிடாதது அந்த வேகம்தான்.

விசாரணையில் நிபுணன் என்று என்னைத்தான் கேட்டார்கள். தாழ்வாரக் கதவு வழியாகப் புகை வந்திருக்க வேண்டும், ஜன்னல்கள் திறந்திருந்தால் வெளியேறியிருக்கும் என்றேன். எதிரே வார்டன் நின்றிருந்தார்.

“சார்தான் சாத்திக்கலாம்னு சொன்னாரு,” என்றார்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“நான் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. காற்றோட்டம் இல்லாமல் கட்டடத்தைச் சாத்தலாம் என்று எந்த இன்ஜினியரும் சொல்லமாட்டான்,” என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நீங்க சொன்னா சரி சார் என்று முன்பு சொன்ன அதே முகம்.

அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். கவனக்குறைவால் மரணம் என்று வழக்கு. சிதம்பரம் கோர்ட்டுக்குப் பல வருடம் நடந்தார். கடைசியில் சாட்சியம் போதவில்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனால் புள்ளையக் கொன்ற வார்டன் என்று ஆகிவிட்ட பிறகு எந்தப் பள்ளிக்கூடத்தில், எந்த விடுதியில் சேர்ப்பார்கள்? நான் விருதை வாங்கிக்கொண்டேன். இரண்டு மூன்று ஊர்களில் போய் உரையும் ஆற்றினேன். பிறகு ஓய்வு பெற்றேன்.

போன வருடம் கண் பார்க்கச் சிதம்பரம் போயிருந்தேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தேன். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. ரசம் முடிந்து மோருக்குக் காத்திருந்தபோது வாளியோடு வந்த பெண் என் இலைக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

“மோர் ஊத்தட்டுமா சார்?”

குரல் தெரிந்தது. தலையை நிமிர்த்த முடியவில்லை. ஊற்றினார்.

“சாப்பிடுங்க சார். பயப்படாதீங்க. இங்க ஜன்னலெல்லாம் தொறந்துதான் கெடக்கு.”

சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார். பக்கத்தில் சாப்பிட்டவர் எதற்கோ வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தார்.

அடுத்த வாரம் மெஸ்ஸில் விலாசம் கேட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஒரு சந்தில், ஒற்றை அறையும் சமையலுக்கு ஒரு தடுப்பும். நல்ல மழை. ஜன்னல் அகலத் திறந்து கிடந்தது. சாரல் உள்ளே விழுந்து தரையில் ஓடியது. ஜன்னலுக்குக் கீழே சாக்கு போட்டிருந்தார்.

“நனையுதேம்மா,” என்றேன், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல்.

“நனையட்டும். நான் ஜன்னல சாத்தறதில்ல சார். பக்கத்து வீட்டுல பைத்தியம்னு சொல்றாங்க. சொல்லிட்டுப் போவட்டும்.”

உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். சாத்தச் சொன்னது நான், மறுத்தது பொய் என்று.

“இத சொல்லவா மழையில வந்தீங்க? எனக்குத் தெரியாததா?”

பிறகு ஜெனரேட்டர் இருந்த இடத்தையும், புகை குழாய் வழியாக வந்ததையும், அடைத்ததையும் சொன்னேன். அது அவருக்குத் தெரியாது. புயல் சமயத்தில் அவர் வடக்குப் பக்கம் போகவே இல்லை. சிதம்பரத்திலிருந்து திரும்பி வந்தபோது ஜெனரேட்டர் கதவருகே இருந்தது; புயலுக்காக அங்கே நகர்த்தி ஓட்டியிருக்கிறார்கள் என்றே நினைத்திருந்தார். சாக்கின் மேல் விழும் சாரலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“அப்ப, நான் ஜன்னல தொறந்தே வச்சிருந்தா?”

“தெரியாதும்மா. கொஞ்சம் கொறஞ்சிருக்கலாம். ஆனா புகைய உள்ள கொண்டாந்து அவ மூக்குகிட்ட விட்டது என் குழாய்.”

“தெரியாதுங்கறீங்க.”

“தெரியாது.”

இல்லை என்று சொல்லியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அதையும் பொய்யாகச் சொல்ல என்னால் முடியவில்லை.

“நான் அவங்க வீட்டுக்குப் போனேன் சார், லால்பேட்டைக்கு. ஹாஸ்டல்ல கெடந்த அவ துணியெல்லாம் துவச்சு மடிச்சு எடுத்துட்டுப் போனேன். வாசல்லயே நிறுத்திட்டாங்க அவங்கம்மா. இந்தக் கை தொட்ட துணி வேணாம்னுட்டாங்க. எடுத்துட்டு வந்துட்டேன்.” பீரோவின் மேல் இருந்த ஒரு ஜவுளிக்கடைப் பையைக் காட்டினார். “எங்கிட்ட வந்து சொல்லி இன்னா பிரயோஜனம்? அங்க போய்ச் சொல்லுங்க.”

நான் உடனே அங்கே போகவில்லை. முதலில் கல்லூரிக்குப் போனேன், அது சுலபம். தாளாளர் இறந்துவிட்டார், மகன் நடத்துகிறான். எல்லாவற்றையும் கேட்டான். காபி வரவழைத்தான்.

“அங்கிள், அதெல்லாம் அப்பா காலத்துல முடிஞ்சுபோனது. இப்ப எல்லாம் சோலார். நீங்க ஒடம்ப பாத்துக்குங்க. சுற்றுச்சூழல் தினத்துக்கு உங்களத்தான் கூப்டலாம்னு இருக்கோம்.”

வாசலில் கண்ணாடி இலை அப்படியே இருந்தது. வடக்குப் பக்கம் போய்ப் பார்த்தேன். பூச்சு உரிந்து, அடைத்த செங்கல் தெரிந்தது.

விருதைத் திருப்பி அனுப்பினேன். பதில் இல்லை. நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கடலூரில் அதிகாரிகளிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் வயதைக் கேட்டார். வழக்கு முடிந்துவிட்டதே, இப்போது யார் மேல் என்ன கேட்கிறீர்கள் என்றார். என் மேல் என்றேன். பார்க்கிறோம் என்றார். இன்னும் யாரும் கூப்பிடவில்லை.

பிறகுதான் லால்பேட்டைக்குப் போனேன். அந்தப் பெண்ணின் தாய்மாமன் என்னை உள்ளே உட்கார வைத்தார். அத்தா இன்னும் குவைத்தில்தான் இருக்கிறார். மகளை அடக்கம் செய்தபோது விமானம் கிடைக்காமல் வந்துசேர முடியவில்லை, அதன்பின் அவர் ஊருக்கு வருவதே குறைந்துபோயிற்று என்று மாமன் சொன்னார். அம்மா உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும் வெளியே வந்தார். அழுவார், ஏசுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். ஏசினால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

“வார்டனம்மா ஒண்ணும் செய்யலையா?” என்றார்.

“இல்லம்மா. நான் சொன்னபடி செஞ்சாங்க.”

“தொழுது முடிச்சுக் கையேந்துறப்பெல்லாம் அந்தப் பொம்பளைய ஏசியிருக்கேன். துஆவுல ஒருத்தர ஏசக் கூடாதுன்னு தெரியும். தெரிஞ்சே ஏசுனேன். ஒரு நாளும் விட்டதில்ல. இப்ப வந்து, அவ இல்ல, நாந்தாங்கறீங்க. அந்த ஏச்சையெல்லாம் நான் எங்க கொண்டுபோய்க் கொட்டுவேன்?”

“அக்கா,” என்றார் மாமன்.

“நீ சும்மா இரு தம்பி. துணிய துவச்சு எடுத்துட்டு வந்துச்சு அது. வாசல்ல நிக்கவச்சு அனுப்பிட்டேன். எம் புள்ளைய வாரிக் கொடுத்தது பத்தாதா, இந்தப் பாவத்தையும் எந்தலையில ஏத்திட்டீங்களே.” சற்று நின்றார். பிறகு என்னைப் பார்க்காமல் தம்பியிடம் கேட்டார்: “அந்தத் துணி இன்னும் அவங்ககிட்ட இருக்குமா தம்பி?”

“இருக்கும்மா. பார்த்தேன்,” என்றேன்.

எனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் குடித்திருக்க மாட்டேன்.

சில நாள் கழித்து மாமன் போன் செய்தார். “அக்கா அந்த வார்டனம்மாவப் பாக்கணுங்கறாங்க. வீட்ட வந்து காட்டுங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

சிதம்பரம் பஸ் நிலையத்தில் காத்திருந்து இருவரையும் ஆட்டோவில் அழைத்துப் போனேன். சந்து முனையில் இறங்கி, நடந்து போய் வீட்டைக் காட்டினேன். வார்டன் வாசலில் நின்றிருந்தார். நாங்கள் வரும் தகவலை மெஸ்ஸில் முன்பே சொல்லியிருந்தேன்; அன்று லீவு போட்டிருந்தார்போல. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண்ணின் அம்மா திரும்பாமலே, “அவர இங்கியே நிக்கச் சொல்லு,” என்று தம்பியிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். மாமனும் கூடப் போனார்.

வீட்டுக்கு எதிர்ப்புறம் ஒரு டீக்கடை. அதன் நிழலில் நின்றேன். அங்கிருந்து திறந்த ஜன்னல் நேராகத் தெரிந்தது. உள்ளே பெண்ணின் அம்மா போர்த்தியிருந்த கறுப்புத் துப்பட்டி அசைவதும், பீரோவின் மேலே நீளும் கையும் தெரிந்தன. பேச்சு கேட்கவில்லை. ஒருவர் அழும் சத்தம் வந்தது. யார் என்று அடையாளம் தெரியவில்லை. நான் என்னை அறியாமல் ஓர் அடி முன்னால் போயிருப்பேன். உள்ளேயிருந்து ஒரு கை வந்து ஜன்னல் கதவுகளை இழுத்துச் சாத்தியது. கொக்கி விழும் சத்தம்கூடக் கேட்டது. எந்தக் கை என்று பார்க்க முடியவில்லை.

டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து, “இன்னா சார் அதிசயம், அந்த அம்மா ஜன்னல சாத்தி நான் பாத்ததேயில்ல,” என்றார்.

வெகு நேரம் கழித்து மாமன் வெளியே வந்து, “நாங்க பஸ் புடிச்சிக்கறோம். நீங்க கெளம்புங்க,” என்றார். பின்னாலேயே பெண்ணின் அம்மா வந்தார். கையில் ஜவுளிக்கடைப் பை. என்னைக் கடந்து போகும்போது தலையைத் திருப்பவில்லை. வார்டன் சந்து முனைவரை அவரோடு நடந்து போனார். திரும்பி வந்தவர் என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று நின்றேன். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மழை இல்லை. உச்சி வெயில். ஜன்னல் மூடியே இருந்தது. நான் பஸ் நிலையத்துக்கு நடந்தேன்.